முருகேசுவின் பக்கத்துக் கல்லறை

மெல்பேர்னுக்கு வடக்கே, கோதுமை வயல்களுக்கு நடுவே உள்ள சிற்றூர் மயானத்தில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. கைக்குழந்தையை விட்டுக் கப்பலேறிப் போய்த் திரும்பாத தன் பூட்டனைத் தேடி வந்த தாட்சாயினி, 'முருகேசு, சிலோன்' என்று செதுக்கிய கல்லின் முன்னால் நிற்கிறாள். கல்லில் பாசியில்லை. அதன் அடியில் இன்று வைத்த மஞ்சள் பூக்கள் காற்றில் அசைகின்றன. பக்கத்துக் கல்லறையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்த வெள்ளைக்கார மூதாட்டி நிமிர்ந்து, "இது என் அம்மா. பக்கத்தில் இருக்கும் இவருக்கு யாரும் வருவதில்லையே என்று, அம்மாவுக்குக் கொண்டுவரும் பூவில் இவருக்கும் வைப்பேன்," என்று ஆங்கிலத்தில் சொல்கிறாள். "இவவுக்கு நாங்கள் என்னத்தைச் சொல்லுறது பிள்ளை," என்கிறார் கூட வந்த சித்தப்பா. தாட்சாயினி மூதாட்டியின் கையிலிருந்து துணியை மெல்ல வாங்கி, மண்டியிட்டு, அந்த அம்மாவின் பெயர்மேல் படிந்த தூசியைத் துடைக்கத் தொடங்குகிறாள்.