மூன்றாவது டம்ளர்

அரிசி ஏறியிருந்தது.

அவள் பிளாஸ்டிக் டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். நேற்று ஸ்கெட்ச் பேனாவால் போட்ட கோடு கீழே இருந்தது. இன்றைக்கு வேண்டியதை அளந்து எடுத்த பிறகும் அரிசி அந்தக் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

எட்டாம் நாளே லேசாகச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அன்றைய கோடு முந்தின நாள் கோட்டின் மேலேயே விழுந்தது. அடுத்த இரண்டு நாளும் அப்படித்தான். அப்போது தன் சிக்கனத்தை நினைத்துத் தானே மெச்சிக்கொண்டாள்.

எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் அரிசி குட்டி போடாது.

ஒத்திகையின் பதினோராம் நாள் அது.

உதவித்தொகை படிப்புக் கட்டணத்தோடு நின்றுவிடும். ஜெர்மனியில் தங்குவதும் தின்பதும் அவள் பாடு. இரண்டு வருடம் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தை மாதவாரியாகப் பிரித்துத் தாளில் எழுதியிருந்தாள். வாடகையை அசைக்க முடியவில்லை. காப்பீட்டை அசைக்க முடியவில்லை. கொஞ்சமாவது வளைந்து கொடுத்தது சாப்பாடு மட்டும்தான்.

மாதம் நாலு கிலோ அரிசி. ஒரு கிலோ பருப்பு. முப்பது முட்டை. கொஞ்சம் காய்.

இதில் ஓடிவிட்டால் கவலையில்லை. கணக்கு உதைத்தால், தாலுகா ஆபீஸ் எதிரில் அப்பா வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையிலிருந்து பெரிய மெஷினை விற்க வேண்டும். ஆள் வந்து பார்த்துவிட்டும் போயிருந்தார். அது போனால் கடையில் மிஞ்சுவது அப்பாவும் ஸ்டூலும்தான்.

அதனால்தான் முப்பது நாள் சொந்த வீட்டிலேயே வெளிநாட்டு வாசம். தனி டப்பா, தனிக் குக்கர். அம்மா தாளிக்கும் நேரத்தில் மட்டும் மொட்டை மாடிக்குப் போய்விடுவாள்.

டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். உள்ளங்கையில் பரப்பினாள்.

ஒல்லி ஒல்லியாகப் பொன்னி அரிசி. நடுவே குண்டு குண்டாக நாலைந்து.

இட்லி அரிசி.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் சோற்று அரிசிக்கும் இட்லி அரிசிக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் ஒருவர்தான்.

ஆனால் குண்டு அரிசி கொஞ்சம்தான் இருந்தது. மூன்று நாளாகக் கோட்டை இறங்கவிடாமல் பிடித்து வைத்திருந்தது வேறு கை. அது எது என்று தெரியாமல் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

அம்மா அரிசிச் சிப்பத்தின் வாயை அவிழ்த்து, காபி டம்ளரால் அரிசி அளந்தாள். ஒன்று. இரண்டு. மூன்று.

மூன்றாவதைக் குக்கருக்கு மேலே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். டம்ளரைப் பார்த்தாள். பிறகு அலமாரியைத் திறந்து மகளுடைய டப்பாவை எடுத்தாள்.

“அங்க வந்து யாரும்மா போடுவா?”

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். டம்ளரை மறைக்கக்கூடத் தோன்றவில்லை.

“அளந்தா கை மூணுன்னுதான் அளக்குது கண்ணு. மொத வாரம் திரும்பச் சிப்பத்துலயே கொட்டுனேன். அப்பறம் மனசு கேக்குல.”

கூடத்தில் செய்தித்தாள் சலசலத்தது.

“நான் நாலு பிடிதான் சாமி போட்டேன்,” என்றார் அப்பா, யாரும் கேட்காமலே.

அவளுக்குக் கோபம் வந்தது. அம்மாவின் கையிலிருந்து டம்ளரை வாங்கி, சிப்பத்திலேயே கொட்டினாள்.

கோடுகளை எல்லாம் ஈரத் துணியால் அழித்தாள். நாலு கிலோவைப் புதிதாக நிறுத்துப் போட்டாள். டப்பாவைத் தன் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள்.

மறுபடியும் முதல் நாள்.

இந்த முறை கோடுகள் ஒழுங்காக இறங்கின. இருபதாம் நாளுக்கு மேல் சுடிதார் நாடாவை இரண்டு விரல் இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. தாளில் அதை எங்கே எழுதுவது என்று தெரியவில்லை. எழுதவில்லை.

முப்பதாம் நாள் பீரோவைத் திறந்தாள். அன்றைக்கு வேண்டியது போக இரண்டு பிடி மிச்சம்.

ஓடிவிட்டது. மெஷின் பிழைத்தது. அப்பாவிடம் முதலில் சொல்வதா அம்மாவிடமா என்று யோசித்துக்கொண்டே டப்பாவோடு அடுக்களைக்குப் போனாள்.

அம்மா முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள்.

ஒன்று.

இரண்டு.

டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். சிப்பத்தின் வாயைச் சேர்த்துப் பிடித்து, யாரோ துரத்துவதுபோல அவசர அவசரமாகக் கட்டினாள். ஒரு முடிச்சு. அதன் மேல் இன்னொரு முடிச்சு.

சொல்ல வந்தது அவளுக்கு மறந்துபோனது. இப்படித்தான் நடக்க வேண்டும் என்று கேட்டவள் அவள்தான். நடந்ததைப் பார்க்கத்தான் முடியவில்லை.

பக்கத்தில் போய், டப்பாவில் இருந்ததை எல்லாம் குக்கரில் கவிழ்த்தாள். தட்டித் தட்டிக் கொட்டினாள்.

 

அம்மா சொம்பை எடுத்து, இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள்.