சிப்பியில் எது மலடு

சிப்பியில் ஆண், பெண் என்று நிலையாக இல்லையாமே, நிசமா என்று அக்காள் செல்லியம்மாள் கேட்டபோது, அருணகிரி தாம்பாளத்தில் வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தான்.

இன்றைக்குப் பார்த்தா இதைக் கேட்க வேண்டும்! இன்னும் கால் நாழிகையில் அவள் புருஷன் கந்தப்பனுக்கு இரண்டாம் தாரத்துக்கு வெற்றிலை மாற்றப் போகிறார்கள். கல்யாணமாகிப் பத்து வருஷம், வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை. வெண்ணந்தூரே அவளை மலடி என்கிறது.

அருணகிரிக்குப் பட்டணத்துப் பக்கம் கடலோரத்தில், சர்க்கார் சிப்பி ஆராய்ச்சிக் கூடத்தில் எடுபிடி வேலை.

முதலில் ஆணாக இருக்கும், பிறகு அதே சிப்பி பெண்ணாகி முட்டையிடும் என்றான். சதையில் ஒரு துளி எடுத்துப் பூதக்கண்ணாடியில் வைத்தால் தெரிந்துவிடும். ஆணென்றால் பொடிப்பொடியாய் நெளியும்.

"மனுசருக்கும் அப்பிடிப் பாக்க முடியுமா, சாமி?"

அருணகிரி அடுக்கிய வெற்றிலையைக் கலைத்து மறுபடி அடுக்கினான்.

பார்த்தாயிற்று. போன ஆவணியில் கந்தப்பன் யாருக்கும் தெரியாமல் பட்டணம் வந்தார். டாக்டரிடம் கூட்டிப் போனவனே இவன்தான். கண்ணாடி பார்த்துப் பழகியவன் என்று டாக்டர் இவனையும் குனிந்து பார்க்கச் சொன்னார்.

ஒன்றுகூட நெளியவில்லை.

வெளியே வந்ததும் மச்சான் இவன் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு சத்தியம் வாங்கினார். வெளியில் தெரிந்தால் நாண்டுகொண்டு செத்துப்போவேன் என்றார்.

அக்காள் தாலியறுப்பதைவிட மலடிப் பட்டம் தேவலை என்று இந்தப் பாவி வாயை மூடிக்கொண்டான்.

அப்புறம் கந்தப்பனின் ஆத்தாள் மறுதாரப் பேச்சை எடுத்தாள். வேண்டாமென்றால் காரணம் சொல்ல வேண்டுமே. மச்சானும் தலையாட்டிவிட்டார்.

இப்போதும் சொல்லிவிடலாம்.

பந்தலிலிருந்து கூப்பிட்டார்கள். பெண் வீட்டுத் தாம்பாளத்தைப் பெண்ணின் தகப்பன் கொடுக்க வேண்டும். தகப்பன் இல்லாவிட்டால் அண்ணன்.

அருணகிரி எழுந்தான்.

செல்லியம்மாள் அவன் தோள் துண்டைச் சரிசெய்துவிட்டாள்.

"எவளோ ஒருத்தி வந்து என்னைத் தொரத்தறதுக்கு, நம்ம அத்தாயியே வந்துட்டா எனக்குப் பயமில்ல சாமி. நாந்தானே புடிவாதமாக் கேட்டேன்."

உள்ளே அத்தாயிக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குக் கடைக்குட்டி, அவன் இடுப்பில் தூக்கி வளர்த்த தங்கச்சி.

பந்தலில் கந்தப்பன் தலை நிமிரவில்லை.

அருணகிரி தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டினான்.