பன்னிரண்டாம் அறைக்கு ஒரு படிவம்

"பதினொரு குரங்குக்குப் பன்னிரண்டு படிவம் எப்படிண்ணே வந்துச்சு?"

மீசைக்காரர் தண்ணீர்க் குழாயை மூடினார். கூண்டு கழுவும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"ராத்திரி ஒண்ணு குட்டி போட்டிருக்கும் மேடம்."

"குரங்கா?"

"படிவம்."

ஆராய்ச்சிக்காரப் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை.

படித்து முடித்ததும் கிடைத்த முதல் வேலை இது. எந்தக் குணமுள்ள மனிதக் குரங்கு நீண்ட நாள் வாழ்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்காக, குரங்குகளைப் பராமரிப்பவர்கள் ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். கூச்சம், கோபம், கூடிப் பழகுதல் எல்லாவற்றுக்கும் ஒன்றிலிருந்து ஏழு வரை மதிப்பெண். குரங்கின் செல்லப் பெயரை எழுதக் கூடாது. அது இருக்கும் அறையின் எண் மட்டும்தான்.

மாலைக்குள் படிவக் கட்டு மேலிடத்துக்குப் போயாக வேண்டும்.

"மூணு தடவை எண்ணிட்டேன். குரங்குப் பதிவேட்டையும் பார்த்துட்டேன். பன்னிரண்டாம் அறைன்னு எதுவும் இல்ல. ஒரு படிவம் பொய்யா இருந்தாலும் நீங்க தந்த அத்தனையும் தள்ளுபடி. மேலிடத்துக்கும் நான் எழுதணும்."

இருபது வருடமாகக் குரங்குகளோடு பழகிய மனிதரைப் பொய்யர் என்பது லேசா? ஆனால் தெரிந்தே பொய்யை அனுப்பிவிட்டு அவளால் நிம்மதியாக இருக்க முடியாது.

அவரோடு வேலை பார்ப்பவள், மேடையில் குரங்குகளுக்குப் பழம் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா, கத்தியை நிறுத்தாமலே சொன்னாள். "பொய்யெல்லாம் இல்லம்மா. அதை நானும் அண்ணனும் சேர்ந்துதான் நிரப்பினோம்."

"இது வேறயா! ரெண்டு பேரும் கலந்து பேசக் கூடாதுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனேக்கா!"

"மத்த பதினொண்ணுக்கும் மூச்சு விடல. இது ஒண்ணுக்குத்தான். மனசு கேக்கல."

அவள் அந்தப் படிவத்தை உருவினாள். கூச்சம் ஏழு. கோபம் ஒன்று. கூடிப் பழகுதல் ஒன்று. அடியில், கோழி கிண்டியது போன்ற மீசைக்காரரின் கையெழுத்து: 'தனியாகத்தான் தின்னும். சத்தம் கேட்டால் திடுக்கிடும். தலை நிமிர்ந்து நடக்காது. குணம் தங்கம்.'

"சரி, எங்கே இருக்கு இது?"

"புதுசா வந்தது மேடம். தனி அறை. மதியம் சாப்பாட்டு நேரத்துல காட்டுறேன்."

"எனக்கு யாருமே சொல்லலையே!"

"காட்டுறேன்னு சொல்றேன்ல? அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. இந்தக் குணத்துக்கு ஆயுசு எப்படி?"

கோபத்தை முந்திக்கொண்டு படிப்பு பேசியது. "அறுதியிட்டுச் சொல்ல முடியாதுண்ணே. ஆனா நான் பார்த்த பதிவுகள்ல, கூடிப் பழகுறதுதான் அதிக நாள் இருந்திருக்கு. இது இப்படியே ஒதுங்கிக் கிடந்தா…" அவள் உதட்டைப் பிதுக்கினாள். "பாவம்."

அக்காவின் கத்தி நின்றது.

"ஏதாவது பண்ண முடியாதாம்மா? கூப்பிட்டாலும் வரமாட்டேங்குது."

"கூப்பிடாதீங்க, மிரளும். அது இருக்கிற இடத்துக்கு நீங்க போங்க. நேரா மூஞ்சியைப் பார்க்காதீங்க. எதுவும் பேசாதீங்க. உட்கார்ந்து நீங்க பாட்டுக்குச் சாப்பிடுங்க. தினமும் அதே நேரம். பத்து நாளோ, ஒரு மாசமோ… தானா பக்கத்துல வரும்."

மீசைக்காரர் பேனாவை எடுத்து உள்ளங்கையில் குறித்துக்கொண்டார். "மூஞ்சியைப் பார்க்கக் கூடாது. பேசக் கூடாது. சரி."

"மதியம் காட்டலைன்னா எழுதிடுவேண்ணே. கோவிச்சுக்காதீங்க."

மதியம். தாழ்வாரத்தின் கோடியில் இருந்த தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தாள். கதவு தட்டும் சத்தம். தூக்கிவாரிப் போட்டது.

மீசைக்காரரும் அக்காவும் சாப்பாட்டு டப்பாவும் கையுமாக நின்றார்கள்.

"போகலாமா? எங்கே அது?"

இருவரும் உள்ளே வந்தார்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார்கள்.

"அண்ணே, உங்களைத்தான் கேக்குறேன்!"

மீசைக்காரர் தரையைப் பார்த்தபடி மென்றார்.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்க!"

அக்காவும் தரையைப் பார்த்தபடி மென்றாள்.

குட்டு வெளிப்பட்டதும் வாயடைத்துப்போய்விட்டது, வேறென்ன? இனி இரக்கம் பார்த்துப் பயனில்லை. படிவக் கட்டை அள்ளிக்கொண்டு, நேராக மேலதிகாரியிடம் போக விருட்டென்று வாசலைத் தாண்டினாள். போகிற வேகத்தில் கதவை இழுத்துச் சாத்தத் திரும்பினாள்.

கை அப்படியே நின்றது.

அந்த வரிசையிலுள்ள எல்லாக் கதவுகளையும் போல அதன் மேலும், பழைய நீல வண்ணத்தில் ஓர் எண் இருந்தது. மூன்று மாதமாகத் தலையைக் குனிந்தபடியே வந்துபோனவள், இன்றுதான் அதை நிமிர்ந்து பார்த்தாள்.

12.

பிறகு உள்ளே வந்தாள். படிவக் கட்டிலிருந்து அந்த ஒன்றை மட்டும் உருவித் தன் பைக்குள் வைத்தாள். மேலிடத்துக்குப் பதினொன்று. அத்தனையும் உண்மை.

ரொட்டியை எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

அக்கா தலை நிமிரவில்லை. மீசைக்காரரை மட்டும் முழங்கையால் லேசாக இடித்தாள்.

"எழுதிக்கோங்கண்ணே. முதல் நாளே வந்துடுச்சு."