வாங்கினவங்கதான் தூக்கணும்

"ஆளுக்கு ஒரு பொருள். வாங்கினவங்கதான் சாயங்காலம் வெளிய போற வரைக்கும் தூக்கணும். வேற யார் கையிலயாவது கொடுத்தீங்கன்னா அது கடைக்கே திரும்பிப் போயிடும். சம்மதமா?"

கேளிக்கைப் பூங்காவின் வாசலிலேயே இருந்த பொம்மைக் கடைக்குள் கால் வைக்கும் முன்பே அம்மா சொல்லிவிட்டாள்.

அவளுக்கு விமான நிலையத்தில் வேலை. பயணிகளின் பெட்டிகளை எடை போட்டு அனுப்பும் கவுன்ட்டர். போன இடத்திலெல்லாம் வாங்கிக் குவித்துவிட்டு, எடை கூடிவிட்டது என்றதும் பெட்டியைத் தரையில் பரப்பிப் போட்டு அழுகிறவர்களைப் பதினோரு வருஷமாகப் பார்க்கிறாள். தன் பிள்ளைகள் அந்த வரிசையில் போய் நிற்கக் கூடாது.

பெரியவள் விவரமானவள். ஒரு சாவிக்கொத்தை எடுத்தாள், பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள், முடிந்தது.

சின்னவன் ஒரு ஒட்டகச்சிவிங்கியைக் கட்டிப் பிடித்தபடி நின்றான். துணிப் பொம்மைதான். ஆனால் அவனைவிட ஒரு சாண் உயரம்.

"இதை உன்னால தூக்க முடியாதுடா."

"முடியும்."

"நாள் பூரா?"

"முடியும்மா."

"அப்புறம் கை வலிக்குது, கால் வலிக்குதுன்னு வந்து நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேன்."

அம்மா பெருமூச்சு விட்டுக் கையை நீட்டினாள். அப்பா தோளில் தொங்கிய மஞ்சள் பையைத் திறந்து பர்ஸை எடுத்துக் கொடுத்தார்.

"பில்லைப் பத்திரமா வெச்சுக்குங்க மேடம்," என்றாள் கல்லாவில் இருந்த பெண். "கடை மூடுறதுக்குள்ள கொண்டு வந்தா திருப்பி எடுத்துக்குவோம்."

"கேட்டுக்கிட்டியா?" என்றாள் அம்மா சின்னவனிடம்.

முதல் ராட்டினத்திலேயே சிக்கல். "பொம்மையோட ஏற முடியாது, தம்பி. அப்படி ஓரமா வெச்சிட்டு வா," என்றார் டிக்கெட் கிழிப்பவர்.

"யாராவது எடுத்துட்டுப் போயிட்டா? நான் வரல."

"நான் வேணா கொஞ்ச நேரம் பிடிச்சுக்கறேனே," என்றார் அப்பா.

"நீங்க சும்மா இருங்க. நீங்க கொடுக்கற செல்லம்தான் எல்லாத்துக்கும் காரணம். அவனவன் சுமையை அவனவன் தூக்கப் பழகட்டும்."

அப்பா மகனுக்குத் துணையாகக் கீழேயே நின்றுகொண்டார்.

அம்மாவும் பெரியவளும் ராட்டினத்தில் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, தொண்டை வறளக் கத்திவிட்டு இறங்கி வந்தார்கள். கீழே ஒட்டகச்சிவிங்கி நின்றது. அதற்குக் கீழே இரண்டு குட்டி ஷூக்கள் தெரிந்தன.

சாப்பிடப் போன இடத்தில் நாலே நாற்காலி. ஒன்றில் ஒட்டகச்சிவிங்கி உட்கார்ந்துகொண்டதால் பெரியவள் நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

"சாருக்கும் ஒரு தட்டு சொல்லிடவாம்மா?" என்றாள் பொம்மையைக் காட்டி.

"நீ வேற ஆரம்பிக்காத."

வெயில் ஏற ஏற, சின்னவன் பொம்மையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கும், அந்தத் தோளிலிருந்து தலைக்கும் மாற்றினான். இரண்டு தடவை விழப் போனான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அம்மாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

எதிரே வந்த ஒரு பெண்மணி நின்றே விட்டாள். "பாவம், பச்சைப் பிள்ளை. பெரியவங்க யாராவது வாங்கிக்கக் கூடாதா?"

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பெண்மணி நகர்ந்ததும், "பாருங்க, கடைசியில நான்தான் அரக்கி. தண்ணி கொடுங்க," என்றாள். அப்பா பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். "குடையையும் கொடுங்க." அதையும் எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம். வெளியே போகும் கேட் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அங்கேதான் சின்னவனின் ஷூ நாடா அவிழ்ந்தது.

அப்போதுதான் தண்ணீர் விட்டுக் கழுவிய தரை. பொம்மையைக் கீழே வைக்க முடியாது. அவன் முன்னால் போகும் அம்மாவின் முதுகைப் பார்த்தான்.

"அப்பா, ஒரே ஒரு நிமிஷம்."

அப்பா வாங்கிக்கொண்டார். அம்மா திரும்பினாள்.

"அவ்வளவுதான். நடங்க கடைக்கு."

"கேட் வந்தாச்சும்மா. இன்னும் பத்தடிதான். விடேன்," என்றார் அப்பா.

"பத்தடின்னா என்ன, நூறடின்னா என்ன? என் கவுன்ட்டர்ல அரைக் கிலோ கூடினாலும் கூடினதுதான். இன்னிக்கு விட்டா நாளைக்கு யானையை வாங்கிட்டு வந்து உங்க தலையில வைப்பான்."

சின்னவன் அடம்பிடிக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே பின்னால் வந்தான். பெரியவள்கூட கிண்டலை நிறுத்திவிட்டாள்.

கடையில் அதே பெண். ஒட்டகச்சிவிங்கியை ஒரு தடவை பார்த்தாள், சின்னவனை ஒரு தடவை பார்த்தாள்.

"திருப்பிக் கொடுக்கறீங்களா மேடம்? பில் இருக்கா?"

"இருக்கே. என் பையில..."

அம்மாவின் கை பழக்கத்தில் தன் தோளுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

திரும்பினாள். அப்பாவின் ஒரு கையில் ஒட்டகச்சிவிங்கி. தோளில், கண்ணாடிச் சில்லு பதித்து, நாலு பக்கமும் குஞ்சம் தொங்கும் மஞ்சள் பை. அவர் குனிந்து அதன் முன் ஜிப்புக்குள் பில்லைத் தேடிக்கொண்டிருந்தார்.

சின்னவன் பையைப் பார்த்தான். பிறகு நுனிக்காலில் எம்பி, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் கேட்டான்:

"அக்கா, அந்தப் பையையும் திருப்பி எடுத்துக்குவீங்களா? போன டூர்ல அம்மா வாங்கினது. அதையும் அப்பாதான் தூக்கறாரு."