பூட்டாத அலகு
சவாய் மலையில் பனி உருகும் காலை. பக்கவாதத்தில் விழுந்த வலக்கைக்குள் மடக்குக்கத்தியைத் திணித்துக்கொண்டு ரொட்டியின் முன் உட்கார்ந்திருக்கிறார் ஆந்தெல்ம். ஈரத்தில் உப்பிய மரப்பிடியை மேசையில் தட்டியதும் அலகு எட்டிப் பார்க்கிறது. பல்லால் இழுத்து விரிக்கிறார். பிடியின் கழுத்திலுள்ள வளையத்தைத் திருகினால்தான் அது பூட்டிக்கொள்ளும். துருவேறிய வளையம் அசைய மறுக்கிறது. "இங்க குடுய்யா, என்ன வீராப்பு?" என்கிறாள் மனைவி க்ளோதில்ட். "நீ பூட்டிக் குடுக்க நான் என்ன கைக்குழந்தையா? கையில உயிர் திரும்புதுடி. விடியக்காலையில அடுப்புச் சூடு தெரிஞ்சுது." இடக்கை வழுக்கி அலகின் முதுகில் அழுந்துகிறது. அலகு மடங்கி வலக்கை விரல்களில் இறங்குகிறது. அவர் முகம் சுளிக்காமல் இன்னும் வளையத்தையே திருகுகிறார். ரத்தம் ரொட்டியில் ஊறுகிறது. க்ளோதில்ட் நின்ற இடத்திலேயே அவர் முகத்தைப் பார்க்கிறாள். "வலிக்குதுன்னு சொல்லுய்யா..."