மொழிபெயர்ப்புக் கூலி

"நம்ம பேருக்கு ஒரு கோடி. அதுல ஒரு காசு குறையாதுன்னு சொல்லும்மா" என்றார் பூட்டுக் கம்பெனி முதலாளி.

மேசைக்கு எதிரே கோட்டும் டையுமாக வெளிநாட்டுக்காரர். பூட்டில் குத்தும் அந்தப் பெயரை விலைக்கு வாங்க வந்திருந்தார். முதலாளி தமிழைத் தவிர வேறெதிலும் பேரம் பேசியதில்லை. அதனால் நடுவில் மகள். அந்த நாட்டில் படித்துவிட்டு வந்தவள்.

"வித்துத்தான் ஆகணுமாப்பா? நான் நடத்தறேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"உனக்கு எதுக்கும்மா இந்த இரும்புத் தூசி? பத்து நாள் ஆசையா இருக்கும். அப்புறம் சாவியை என் தலையிலயே கட்டிட்டுப் போயிடுவே. மனுஷன் காத்துக்கிட்டு இருக்கார், சொல்லு."

மகள் வெளிநாட்டுக்காரரிடம் திரும்பி, அவர் மொழியில் நிதானமாகச் சொன்னாள்: "மூன்று கோடி. குறைத்துக் கேட்டால் பேச்சே வேண்டாமாம்."

முதலாளி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெளிநாட்டுக்காரரின் முகம் மாறவில்லை. அவர் ஊரில் விலையைக் கேட்டு முகம் சுளிப்பதும், எழுந்து வாசல்வரை போய்த் திரும்புவதும் மரியாதை இல்லை. முடியாது என்பதைக்கூட மன்னிப்புக் கேட்டுத்தான் சொல்வார்கள். அந்த மன்னிப்புக்குத்தான் மகள் காத்திருந்தாள்.

அவர் பேனாவைத் திறந்தார். "சம்மதம்" என்றார் தன் மொழியில்.

மகள் அந்தப் பேனாவையே பார்த்தாள்.

"என்னம்மா சொல்றார்?"

"கட்டுப்படியாகாதாம்ப்பா. மன்னிச்சுக்கச் சொல்றார்."

"பேனாவைத் திறந்து வெச்சுக்கிட்டா?"

"அது... அவங்க ஊர் வழக்கம்."

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். வெளிநாட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் மொழியிலேயே, எங்கும் தடுமாறாமல் பேசினார்: "சிரமம் கொடுத்துவிட்டேன், மன்னிக்கவேண்டும். பெயரை விற்பதாக இல்லை. இப்போதுதான் முடிவாயிற்று."

வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். மகள் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"அப்பா, உங்களுக்கு அந்த பாஷை..."

"நடுவுல பேச ஒரு ஆள் இருந்தா, யோசிக்க நேரம் கிடைக்கும். என் பேரமெல்லாம் அப்படி முடிஞ்சதுதான்." தொழிற்சாலைச் சாவிக்கொத்தை அவள் பக்கம் தள்ளினார். "கைக்கு வந்த மூணு கோடியைத் திருப்பி அனுப்பிட்டே. உன் பேர்ல பற்று எழுதிக்கறேன். பூட்டு வித்துக் கட்டு."