டேனியலின் சாட்சி

டேனியல் வலது கையை நெஞ்சின் மேல் வைத்தபடியே மேடையேறினான். எண்ணூறு பிள்ளைகளும் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். விரலில் இருந்த வாசனையை மறைக்க வேறு இடம் கிடைக்கவில்லை என்பது அவனுக்கும் கர்த்தருக்கும் மட்டும் தெரியும்.

நேற்று மத்தியானத்து வாசனை அது. மூன்று தடவை சோப்புப் போட்டும் போகவில்லை. ஆம்பூர் பிரியாணி அப்படி.

அந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் லெந்து எனும் தவக்காலம் தொடங்கினால் ஆளுக்கொரு அட்டை கொடுப்பார்கள். நாற்பது நாளைக்கு எதை விடப்போகிறாய் என்று எழுதிச் சிலுவையடியில் வைக்க வேண்டும். பிள்ளைகள் பாகற்காய், கணக்கு, தம்பியோடு பேசுவது என்று தாராளமாக விட்டார்கள். கிறிஸ்டினா செல்போனை விட்டாள். அவளிடம் செல்போன் கிடையாது. பதினொன்றாம் வகுப்பு டேனியல் மட்டும் ஒரு நிமிஷ உணர்ச்சியில் ‘பிரியாணி’ என்று எழுதித் தொலைத்தான்.

தலைமை ஆசிரியர் இன்பராஜ் அந்த அட்டையை மைக்கில் வாசித்தபோது அவர் குரல் தழுதழுத்தது. “ஆம்பூர்ல பொறந்த புள்ள பிரியாணிய வுட்றான்! நாமெல்லாம் எம்மாத்திரம்?”

அவரும் தன் பங்குக்கு மதியச் சாப்பாட்டை விட்டார். அந்த நேரத்தில் ஸ்கூட்டரில் போய் நோயாளிகளுக்கு ஜெபம் பண்ணிவிட்டு வருவார். இரண்டே வாரத்தில் அவர் பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட வேண்டியதாகிவிட்டது. உபவாசம் ஆளை அப்படி மாற்றியிருந்தது.

டேனியல் ஐந்து நாள் தாங்கினான். ஆறாம் நாள், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவதாகச் சொல்லிவிட்டு, பைபாஸ் ஓரம் கவுஸ் பாஷா கடையில் உட்கார்ந்திருந்தான்.

இந்த வருஷம் ரம்ஜானும் லெந்தும் சேர்ந்தே வந்ததால் கடை வாசலில் பச்சைத் திரை தொங்கியது. நோன்பு பிடிக்கிறவர்கள் கண்ணில் படாமல் மற்றவர்கள் சாப்பிட வேண்டும் என்று உள்ளேயும் மேசைக்கு மேசை ஒரு படுதா. யார் முகமும் யாருக்கும் தெரியாது. தேவன் தனக்காகவே கட்டிவிட்டது போலிருக்கிறதே என்று டேனியல் கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிட்டான்.

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை, பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள கவுஸ் பாஷா ஒரு கிண்ணத்தை நீட்டினார். “கத்திரிக்கா இதான்பா கடைசி. அந்தாண்ட உக்காந்துகிறவருக்கு எடுத்து வெச்சது. நீ வளர்ற புள்ள, துன்னு.”

படுதாவுக்கு அந்தப் பக்கம் ஒரு நீளமான பெருமூச்சு கேட்டது. நோன்பை விட்டுவிட்ட யாரோ ஒரு பாய் என்று டேனியல் அவருக்கும் சேர்த்து வெட்கப்பட்டான். கத்திரிக்காயை மட்டும் மிச்சம் வைக்கவில்லை.

அதற்கு முந்தின நாள்தான் இன்பராஜ் அவனை அறைக்குக் கூப்பிட்டிருந்தார். “வெள்ளிக்கெழம அசெம்பிளில, பிரியாணிய வுட்டதப் பத்தி நீ சாட்சி சொல்ற.”

“வேணாம் சார். எனக்கு அந்தத் தகுதி இல்ல சார்.”

“பாத்தீங்களா, இதுக்குப் பேருதான் தாழ்மை!” என்று அவர் கிளார்க்கிடம் சொன்னார்.

ஆனால் வெட்கம் அவனை நிஜமாகப் பிடித்தது நேற்றுக் கடைசி பீரியடில்தான். பக்கத்தில் தௌசீப் உதடு காய்ந்து, பெஞ்சில் தலை சாய்த்துக் கிடந்தான். எல்.கே.ஜி.யிலிருந்து ஒரே பெஞ்ச்.

“ஒரு வாய் தண்ணி குடியேன்டா. போன வருஷம் பாத்ரூம்ல போயி திருட்டுத்தனமா குடிச்சவன்தான நீ?”

“அது போன வருஷம் தோஸ்த். இப்போ நீ பிரியாணியவே வுட்டுட்ட. நான் தண்ணி குடிச்சா உன் மூஞ்சில எப்டிடா முழிக்கறது?”

டேனியல் அவன் பக்கம் திரும்பவில்லை. வாயில் சோம்பு இருந்தது.

இப்போது இன்பராஜ் மைக்கை அவன் இடது கையில் திணித்தார். அந்த மைக்கின் ஸ்விட்ச் கிறிஸ்துமஸுக்கே கெட்டுவிட்டது. ஒயரைப் பிடுங்கினால்தான் அடங்கும்.

“எல்லாரும் கண்ண மூடுங்க. தலையத் தாழ்த்துங்க.”

எண்ணூறு தலைகள் குனிந்தன. மூன்றாவது வரிசையில் தௌசீப்பும் அதே காய்ந்த உதட்டோடு கண்ணை மூடிக்கொண்டான். ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்த சாட்சியை டேனியல் அப்படியே விட்டுவிட்டான்.

“நான் பிரியாணிய வுடல” என்றான். “அஞ்சு நாள்தான் தாங்குனேன். அப்புறம் தெனமும் கவுஸ் பாஷா கடைல, படுதாக்குப் பின்னாடி. ஆண்டவர்கிட்ட அப்புறமா கேட்டுக்கறேன். மொதல்ல நீ மன்னிச்சுடு தௌசீப்.”

எண்ணூறு ஜோடிக் கண்கள் திறந்தன. தௌசீப் மட்டும் திறக்கவில்லை. மேடைப் பலகை உடைந்து தன்னை அப்படியே உள்ளே விழுங்கிவிடக் கூடாதா என்று டேனியல் காது சிவக்க நின்றான்.

இன்பராஜ் எழுந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது. அதட்டவில்லை, அவன் தலைமேல் கை வைத்தார். ஜெபிக்கப் போகிறார் என்று பள்ளிக்கூடமே மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டது.

அவர் குனிந்து, அவன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரே ஒரு கேள்வி கேட்டார். மைக் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. மைதானத்தின் நாலு ஸ்பீக்கர்களும் அதை நிதானமாக, தெளிவாகச் சொல்லின.

“செவ்வாக்கெழம அந்தக் கடைசிக் கத்திரிக்காயத் தின்னது நீதானாடா?”